பாம்ஃப்ரெட் வீட்டு உத்தரம்

பாம்ஃப்ரெட்டின் பழைய பண்ணைவீட்டில், சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஈரக் காலுறைக்குள் எலி செத்துக் கிடந்தாற்போல் நாற்றம்.

"கடல் வாசனை, காரட்!" என்று என்னிடம் சொல்லி, நெஞ்சு நிறைய இழுத்தார் பாம்ஃப்ரெட். "ஸ்பானியர்களோட சண்டை போட்ட கப்பலோட உத்தரம் இது. நானூறு வருஷம் தாண்டியும் உப்பு போகல பாரு."

இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் மாவட்டத்தில் மரச்சட்ட வீடு வாங்குகிற ஒவ்வொருவருக்கும், உத்தரம் வந்த கதை சொல்ல எப்படியோ ஒரு போர்க்கப்பல் கிடைத்துவிடும். கடல் முப்பது மைல் தள்ளியிருப்பது யாருக்கும் தடையில்லை. லண்டனிலிருந்து வந்த இவரோ, சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசிய சுவரைக் கண்டு முகம் சுளித்து, சிமெண்டால் மூடினார். வெளிறிய ஓக் மரத்துக்குப் பழமை போதாதென்று கறுப்புப் பெயிண்டை அப்பினார். உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே ஊறியது.

தச்சன் நான், உளியை வைத்துப் பார்த்தேன். பாலாடைக்கட்டியில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

"சார், உடனே முட்டுக் கொடுத்து இந்த முனைய வெட்டி எடுக்கணும். இல்லேன்னா மாடியே கீழ வந்துரும்."

"கப்பலுக்கு ஊன்றுகோலா? மூணு மணிக்கு வரலாற்றுச் சங்கம், கப்பல் உத்தரம்னு பொறிச்ச பித்தளைப் பலகைய இங்க மாட்ட வருது. அதுவரைக்கும் ஒரு சிராய் உதிரக்கூடாது."

"நம்ம கட்டில் அதுக்கு நேர் மேலதான் கிடக்கு, அலரிக்" என்று பாம்ஃப்ரெட்டிடம் சொன்னாள் அவர் மனைவி இமோஜன். காதில் வாங்கினால்தானே?

சங்கத் தலைவி மிஸ் தர்லோ வந்தார். பலகையை ஒரு கையில் பிடித்தபடி, தாழ்ந்த உத்தரத்தைக் குடை நுனியால் ஒரு தட்டு தட்டினார். பெயிண்ட் தோலாய்க் கிழிந்தது. பழுப்புக் கூழ், வெள்ளைப் புழுக்களோடு, அவருக்காக மேசையில் வைத்திருந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் தட்டில் கொழகொழவென்று விழுந்தது. ஒரு புழு வெண்ணெயில் நெளிந்தது.

உரிந்த இடத்தில் மிச்சமிருந்த நல்ல மரத்தில் வரிசையாக இரும்பு வளையத் தழும்புகள். சங்கிலி உரசிய பள்ளங்கள். பள்ளங்களில் கல்லாய் இறுகிய சாணம்.

"ஏதோ மாட்டுக்கொட்டகையில கழட்டிக் கொண்டாந்தது" என்றேன்.

"ஏன், கப்பல்ல மாடு ஏத்தமாட்டாங்களா?" என்று பாய்ந்தார் பாம்ஃப்ரெட்.

"ஏத்தியிருக்காரே, பைபிள்ல நோவா" என்ற மிஸ் தர்லோ, பலகையைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினார்.

அவர் போனதும் இமோஜன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "முட்டு எங்க காரட்? நான் பிடிக்கிறேன்."

பாம்ஃப்ரெட் சாண்ட்விச் தட்டின் மேல் குனிந்து நின்றார். "இந்தப் புழு... கப்பல் மரத்தை அரிக்குமே, அந்தக் கடல் புழுவா இருக்கலாம்ல?"

இமோஜன் தட்டைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கோ, கேப்டன்."