கண்ணாடியைக் கழற்றிய தலைவர்

தலைவர் வாயைத் திறந்து யாருக்கும் "முடியாது" என்று சொன்னதே இல்லை. கெட்டிக்காரர் அல்லவா! எதிரே இருப்பவன் கெஞ்சி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார். பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான், செயலாளர் கோப்பை மூடிவிடுவார். நாளைக்கு வில்லங்கம் வந்தால் 'நான் எப்போதய்யா மறுத்தேன்?' என்று கேட்கலாம் பாருங்கள். இருபது வருட ஆட்சி இப்படியே ஓடியது. அமைச்சர்களெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. வெளியே தெரியாது, காய்ச்சல், ஓய்வில் இருக்கிறார் என்று அறிவிப்பு. தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, செயலாளர் கோப்புகளைப் படிப்பார். கண்ணாடி மூக்கில் இருந்தால் சம்மதம். இடது கை அதைக் கழற்றினால் நிராகரிப்பு. நல்ல கூத்து! நாடும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அன்று வந்தது அத்தானின் கருணை மனு. அக்காவைக் கட்டியவர். அச்சகத்தில் தலைவரோடு எழுத்துக் கோத்தவர், சங்கம் தொடங்கியபோது கூட நின்றவர், சிறையில் ஒரே போர்வைக்குள் படுத்தவர். தலைவர் பதவிக்கு வந்தபிறகு, "நீ மாறிட்டே" என்று மேடையிலேயே முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குத் தேசத்துரோகம் என்று பெயர் வைத்துத் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். அப்போது தலைவருக்குப் பேச்சு இருந்தது, பேசவில்லை. மனு கடைசியில் தன்னிடம்தானே வரும், அதுவரை கொஞ்சம் பயந்து கிடக்கட்டும் என்று நினைத்தார். என்ன கொழுப்பு!

அக்கா அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டா. அப்படியே சும்மா உக்காந்திரு, போதும். அவர் உசுரோட வந்துடுவாரு. எங்கேயாவது கண்காணாத இடத்துக்குப் போயிடுறோம். அம்மா போனப்புறம் உன்னை இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சவடா நான்."

சும்மா இருந்தால் போதும். தலைவரும் அந்த முடிவோடுதான் உட்கார்ந்திருந்தார். அத்தானைக் காப்பாற்றிவிடலாம் என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அக்காவின் நரைத்த தலையைப் பார்க்கப் பார்க்கக் கண்ணில் நீர் முட்டியது, அவள் முகமே தெரியவில்லை. துடைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. கண் கலங்கினால் எவரும் செய்வதுதானே! இடது கை போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

அக்காவின் பார்வை அந்தக் கையில் நின்றது.

ஐயோ, அதற்கில்லை, அதற்கில்லை என்று உள்ளுக்குள் அலறிக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினார். மறுபடி மாட்டப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை, கண்ணாடி கீழே விழுந்தது.

"தலையும் ஆட்டிட்டாரும்மா. இதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்றார் செயலாளர்.

"கண்ணுல தண்ணி வருதே?"

"அது நோவு வந்ததிலேருந்து வடியுதும்மா."

அக்கா வெகுநேரம் தம்பியின் முகத்தையே பார்த்தாள். "நோவு இல்ல. இவன் அழறது எனக்குத் தெரியும்," என்றாள். "அழுதுக்கிட்டேதான் வேண்டாங்கறான். பதவி அவ்வளவு இனிக்குது." பிறகு எழுந்து, சேலையை உதறி, கை கூப்பினாள். "வரேங்க, தலைவரே."

"அக்கா" என்று கூப்பிடப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. செயலாளர் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, மனுவில் முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் விடிகாலையில் அத்தானைத் தூக்கில் போட்டார்கள். சொந்த அக்கா காலில் விழுந்தும் அசையாத நேர்மையாளர் என்று வானொலி நாள் முழுக்கத் தலைவரைப் புகழ்ந்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் செயலாளர் அதை அவர் காதருகே வைத்துவிட்டுப் போயிருந்தார்.