பதினாலாம் நம்பர் பாறையின் வருகைப் பதிவு

ஒவ்வொரு மே மாதமும் பவளப்பாறைகள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் போய் முகத்தைக் காட்டுவதில்லையா, அதே நடைமுறைதான். பதினாலாம் நம்பர் பாறை பதினோரு வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கடல் ஆராய்ச்சி செய்யும் பிரிஸ்கா மோத்தாதான் அதைக் கூட்டிக்கொண்டு போவாள். பாறையின் நீளம் நானூறு மீட்டர். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் அடங்கிவிடும். எப்படி அடங்குகிறது என்று தூத்துக்குடியில் எந்த ஆட்டோக்காரரும் இதுவரை கேட்டதில்லை.

இந்த வருடம் பாறை வர மறுத்துவிட்டது.

பதிவு நாளன்று காலை ஏழு மணிக்குப் படகோட்டி தொம்மை அண்ணன் வழக்கமான இடத்தில் வள்ளத்தை நிறுத்தினார். பிரிஸ்கா மூழ்கிப் போய்ப் பார்த்தாள். பாறை முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் தோற்றுவிடும்.

"கிளம்பு. நேரமாச்சு."

"என்னால முடியலை" என்றது பாறை. "நீயே போயிட்டு வா."

"ஆள் நேர்ல வரணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"எந்திரிக்க முடியலைங்கேன்."

பாறையைக் குறை சொல்லவும் முடியாது. நாலு வாரமாகத் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரியில் நிற்கிறது. பவளத்துக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. அதற்கு நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான், சோறு போடுவதும் அந்தப் பாசிதான். சூடு தாங்காமல் போனால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெள்ளையும் பட்டினியும்தான். ஆனால் வெளுத்தது வேறு, செத்தது வேறு. இதை பிரிஸ்கா பதினோரு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி வருகிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் சூடு இறங்கினால் பாசி திரும்பி வரலாம், பாறை பிழைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முதலில் இன்றைய பதிவைத் தாண்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் சிவப்பு மையில் கோடு போட்டு 'காலி இடம்' என்று எழுதிவிடுவார்கள். காலி இடம் என்று எழுதிய மறு நிமிடம் தூர்வாரும் கப்பலுக்கு அந்த இடம் போய்விடும். கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. அலுவலக வாசலில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில், ஸ்டாண்டு போட்டு நின்றது. பிரிஸ்கா அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரிவு எழுத்தர் கோமதிநாயகம் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. நல்ல மனிதரை வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

"வாங்க மேடம். பாறை எங்க?"

"உடம்பு சரியில்லை சார். போட்டோ கொண்டாந்திருக்கேன்."

அவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கருப்பு வெள்ளைல்லா. கலர் போட்டோல்லா கேட்டிருக்கு."

"கலர் போட்டோதான் சார். பாறைதான் வெள்ளை."

"பின்னால ரெண்டு மீன் மட்டும் மஞ்சளா நிக்குது."

"அதைத்தான் சொல்லுதேன். மீன் மஞ்சளா தெரியுதுன்னா அது கலர் போட்டோதானே."

"அப்ப மீனுக்கு வேணா பதிவு போட்டுத் தாரேன்" என்றார் அவர், மனப்பூர்வமாக.

பிரிஸ்கா வெப்ப அளவு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பதினோரு வருட நோட்டு. மழையானாலும் காய்ச்சலானாலும் மாதம் தவறாமல் போய், தெர்மாமீட்டரை இறக்கி, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியது. அளக்காத எண் ஒன்றுகூட அதில் கிடையாது. கோமதிநாயகம் அதைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. படிவத்துல முப்பது வரைக்கும்தான் கட்டம் இருக்கு."

"தண்ணி முப்பத்திரண்டு இருக்கு சார்."

"இருக்கட்டும். முப்பதை இந்த மாசத்துல போடுங்க. மீதி ரெண்டை அடுத்த மாசத்துல சேத்துக்கிடுங்க."

"அடுத்த மாசமும் சூடா இருந்தா?"

"அதுக்கு அடுத்த மாசம் எதுக்கு இருக்கு?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரப் பெஞ்சில் கடல் உட்கார்ந்திருந்தது. நோட்டில் எழுதியிருப்பது உண்மைதானா என்று விசாரிக்க அதை வரச் சொல்லியிருந்தார்கள். தரை நனையாமலிருக்கக் காலடியில் சாக்கு விரித்திருந்தார்கள். கையில் டோக்கன் வைத்திருந்தது.

"நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்" என்றாள் பிரிஸ்கா.

"நான் என்னத்தச் சொல்ல" என்றது கடல். "எனக்கே மேலேருந்துதான் வருது."

கோமதிநாயகம் மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு பாயிண்டு குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாறைக்கு நடமாட முடியலைன்னா விலக்கு வாங்கலாம். ஒன்பதாம் நம்பர் ரூமுக்குப் போங்க. பக்கத்துலதான்."

எட்டாம் நம்பர் அறை பக்கத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வராந்தா நீள ஆரம்பித்தது. பிரிஸ்கா நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வந்தது, போனது. மறுபடியும் உப்பளம் வந்தது. எதிரே ஒரு பியூன் சைக்கிளில் ஃபைல் கொண்டுபோனார். ஒன்பதாம் அறை எங்கே என்று கேட்டதற்கு, நேற்றுவரை இங்கேதான் இருந்தது என்றார். காலை பத்தரைக்கு நடக்கத் தொடங்கியவள், நாலே முக்காலுக்கு ஒன்பதாம் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே கோமதிநாயகம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் கடலும் இருந்தது.

"வாங்க மேடம். விலக்குக்கா? நேர்ல வர முடியாதுன்னு பாறை நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

பிரிஸ்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சார், நடக்க முடியாதவன் நடந்து வந்து, நடக்க முடியலைன்னு சொல்லணுமா?"

"ஆமா. நெறைய பேரு வாராங்க."

அவர் சொன்னதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கிண்டலுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

ஐந்து மணி அடித்தது. கோமதிநாயகம் எழுந்து நின்று வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பின்வரிசைகளில் பாறைகள் வந்து நின்றுகொண்டிருந்தன.

"பதிமூணாம் நம்பர் பாறை."

"உள்ளேன் ஐயா."

"பதினாலாம் நம்பர் பாறை."

வாசலில் கப்பல் இன்ஜினைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"பதினாலாம் நம்பர் பாறை. ரெண்டாவது தடவை."

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். கல்லூரியில் படிக்கும்போது கூடப் படித்தவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் வருகை சொல்லிக்கொள்வார்கள். பிரிஸ்கா ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காகத் தோழிகள் அவளோடு ஒரு செமஸ்டர் பேசாமல் இருந்தார்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது. ஆனால் பாறை இருக்கிறதே. இருப்பதைத்தான் இவர்கள் இல்லை என்று எழுதப் போகிறார்கள்.

"பதினாலாம் நம்பர் பாறை. கடைசித் தடவை."

"உள்ளேன் ஐயா" என்றாள் பிரிஸ்கா.

கோமதிநாயகம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குரல் மாறியிருக்கே."

"காய்ச்சல் சார்."

"ஒடம்பைப் பாத்துக்கிடு" என்று நீல மையில் குறித்துக்கொண்டார். வாசலில் இன்ஜின் அணைந்தது. பிரிஸ்காவுக்குக் காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

"பிரிஸ்கா மோத்தா" என்று கூப்பிட்டார் அவர்.

அவள் இதை மறந்தே போய்விட்டாள். பாறையின் பெயருக்கு அடுத்து, அதை அளப்பவரின் பெயர் வரும். ஒரு வாய் ஒரு பெயருக்குத்தான் பதில் சொல்லலாம் என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தது. அவள் மெல்ல நகர்ந்து கடலின் பக்கத்தில் குனிந்தாள்.

"எனக்காக நீ சொல்லேன்."

"என் பேரையே இன்னும் கூப்பிடலை" என்றது கடல். "சொல்லிட்டா அப்புறம் நான் என்ன செய்ய?"

மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டார்.

"பாவம்" என்றார் அவளைப் பார்த்து. "பதினோரு வருஷமா ஒரு நாள் தவறினதில்லை. அந்த மேடம் ஒன்னைப் பத்தி எவ்வளவு பேசும் தெரியுமா, பாறை? வெளுத்தது வேற, செத்தது வேறன்னு என் உசுரை வாங்கும். நல்ல பொம்பள."

அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. பிரிஸ்காவுக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. பாறைகள் அப்படியெல்லாம் கை ஓங்குவதில்லை.

அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு வெப்ப அளவு நோட்டை இழுத்தார். முதல் பக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தார்.

"அதை ஏன் அடிக்கீங்க?"

"அளந்தவங்க இல்லைல்லா. அளந்தவங்க இல்லைன்னா அளந்ததும் இல்லை."

"பதினோரு வருஷக் கணக்கு சார் அது."

"ஒனக்கு ஏன் அந்தக் கவலை? நீ உசுரோட இருக்கேன்னு எழுதியாச்சு. போய் ரெஸ்ட் எடு." கடைசிப் பக்கத்தையும் அடித்துவிட்டுக் கடலைப் பார்த்தார். "நீங்களும் போலாம். உங்க மேல ஒண்ணும் இல்லை. நீங்க சூடாகவே இல்லை."

கடல் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனது. அது விட்டுப்போன சாக்கில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஷேர் ஆட்டோவில் பின்சீட்டு முழுவதும் பிரிஸ்காவுக்கே தேவைப்பட்டது. ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கரையில் தொம்மை அண்ணன் வள்ளத்தோடு காத்திருந்தார்.

"பாறை ஏறியாச்சா? பிரிஸ்காம்மா எங்க?"

"வரலை" என்றாள் அவள்.

"அப்ப இனிமே யாரு அளக்கது?" என்று கேட்டார். பிறகு தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

வழக்கமான இடத்தில் வள்ளம் நின்றது. பிரிஸ்கா இறங்கினாள். தண்ணீர் முப்பத்திரண்டு புள்ளி மூன்று. கருவி இல்லாமலே தெரிந்தது, உடம்பு முழுக்க. கீழே பதினாலாம் நம்பர் பாறை வெள்ளையாகக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் லேசாகத் தலையைத் தூக்கியது.

"என்ன சொன்னாங்க?"

"நீ உசுரோட இருக்கியாம்."

"நல்லது. சூட்டைப் பத்திச் சொன்னியா?"

"சூடே இல்லையாம்."

"அப்ப ஏன் இப்படிச் சுடுது?"

பிரிஸ்கா அதன் ஓரமாகப் போனாள்.

"கொஞ்சம் நகந்து உக்காரு" என்றாள்.