அண்ணனுக்குப் பின்னால் நிற்பவர்

அர்ச்சனாவின் அப்பா வீட்டுக்கு வந்து நாலு வருஷமாகிறது. ஆனால் பேப்பரில் அவர் வராத வாரமில்லை. புதுச்சேரியில் எம்.எல்.ஏ. ஒருவர் ரேஷன் கடை திறந்தாலும், வாய்க்கால் தூர்வாரப் பூஜை போட்டாலும், மாலைப் பேப்பர் படத்தில் அவருடைய தோளுக்குப் பின்னால் அப்பா வீரமணி நிற்பார். பக்கத்து ஆளின் தலை மறைத்துவிடக் கூடாதென்று கழுத்தை நீட்டியிருப்பார். கையில் சால்வைப் பை.

அந்த எம்.எல்.ஏ.வை எல்லோரும் அண்ணன் என்றுதான் சொல்வார்கள். தேர்தல் வேலை என்று அவரிடம் போன அப்பா முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு இல்லை. முத்தியால்பேட்டையில் அவருக்கு வேறொரு குடித்தனம் இருப்பதாகவும், அங்கே இருப்பவளைத்தான் எல்லோரிடமும் பெண்டாட்டி என்று காட்டுவதாகவும் டவுனுக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா செல்வகுமாரி கேட்டுக்கொண்டாள். கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடக் கிளம்பிவிட்டாள்.

அப்பா முகமே தெரியாத தம்பி புகழ்வேந்தனுக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் அர்ச்சனாவுக்கு அந்த யோசனை வந்தது. அண்ணன் அடுத்த தேர்தலில் இவர்கள் ஊரான பாகூரில் நிற்கப்போவதாகப் பேச்சு. அதனால் இந்தப் பக்கம் காதுகுத்து, கருமாதி என்று யார் கூப்பிட்டாலும் வருகிறார். அண்ணன் வந்தால் அப்பா வராமல் முடியாது. வந்து தம்பியைப் பார்த்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது.

யாருக்கும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜ்மோகனிடம் போனாள். அந்தப் பேப்பருக்குப் பாகூர் நிருபர் அவர்தான். காதுகுத்துக்கு அண்ணனை வரவழைக்க வேண்டுமென்றாள். அழைப்பது யார் என்று கேட்டார். மாமா முத்துக்குமரன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சொல்ல நா எழவில்லை.

மாரியம்மன் கோயில் வாசலில் தம்பி மாமா மடியில் உட்கார்ந்திருந்தபோது மூன்று கார்கள் வந்து நின்றன. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கடைசி காரிலிருந்து சால்வைப் பையோடு இறங்கிய வீரமணி கோயிலைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் எல்லோரையும் கும்பிட்டார். தம்பி கன்னத்தைத் தட்டினார். சால்வைக்காகப் பின்னால் கை நீட்டினார். அப்பா வந்து கொடுத்தார். மாமா தோளில் சால்வை விழுந்தது. ராஜ்மோகன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பையனோட அப்பா எங்கப்பா? வரச் சொல்லுங்க, போட்டோவுல நிக்கட்டும்" என்றார் அண்ணன்.

எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியாது. சொல்லிவிடு அப்பா என்று அர்ச்சனா மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தைதான்.

"வெளியூர்ல வேலையாம்ணே. வர முடியலியாம்" என்றார் வீரமணி.

மாமா எழப் பார்த்தார். அம்மா அவர் தோளை அழுத்தினாள்.

"புள்ள மடியில இருக்கான். உக்காரு."

படம் எடுத்தார்கள். அண்ணன் இன்னொரு ஊருக்குப் போக வேண்டுமென்று கிளம்பினார். ஆட்கள் அவரோடு நகர்ந்தார்கள். அதே நேரம் ஆசாரி ஊசியை இறக்கினார், தம்பி வீறிட்டான். போய்க்கொண்டிருந்த அப்பா திரும்பி வந்தார். குனிந்து அவன் காதில் மெதுவாக ஊதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. முன்பின் பார்க்காத ஆளைக் கண்டு தம்பி மாமா நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெளியே ஹாரன் அடித்தது. அப்பா நிமிர்ந்தார், அர்ச்சனாவைப் பார்த்தார்.

"வளந்துட்டியேடி பாப்பா."

அவ்வளவுதான். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

மாமா கத்த ஆரம்பித்தார். பெரியம்மாக்கள் சிரித்தார்களா அழுதார்களா தெரியவில்லை. அர்ச்சனா பந்திப் பாத்திரங்களுக்குப் பின்னால் போய் நின்றாள். அம்மா சாம்பார் வாளியோடு அங்கேயே வந்தாள்.

"நீதானே கூப்ட்ட?"

அர்ச்சனா தலையாட்டினாள். அடி விழும் என்று கண்ணை மூடினாள். விழவில்லை. திறந்தபோது அம்மா கார்கள் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடக் கூட சொல்லலியே நான்" என்றாள் அம்மா.