சனிக்கிழமை மட்டும்

தங்கையின் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்த பத்தாம் நாள் அந்த முடிதிருத்துபவருக்குக் கடிதம் வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி அவர் ரத்தத்தில் இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்து உறுதி செய்யவேண்டும்.

அங்கே அந்தச் சோதனை சனிக்கிழமை காலையில் மட்டும். கடையில் அன்றைக்குத்தான் தலைக்கு மேல் வேலை.

முதல் தடவை, கடிதத்தில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை இயந்திரம் பழுது. மூன்றாம் தடவை வரிசையில் பின்னால் நின்றவர் கடை வாடிக்கையாளர்.

"என்ன மாஸ்டர், இங்க?"

"சும்மா, சர்க்கரை பாக்கலாம்னு..." என்று இழுத்தவர், வரிசையை விட்டே வந்துவிட்டார்.

தங்கை சத்தம் போட்டாள்.

"கத்தி பிடிக்கிற கைம்மா இது. ஒருத்தர் காதுல விழுந்தா போதும், கடைப்பக்கம் ஈ காக்கா எட்டிப் பாக்காது."

"ஆளுக்கொரு புது பிளேடுதானேண்ணே போடுற?"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

அதோடு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எட்டு மாதம் போயிற்று. கை கால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. கடையில் பக்கத்து நாற்காலியில் முடிவெட்டுகிறவர் "தொப்பை" என்று கேலி செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். கண்ணில் மஞ்சளைப் பார்த்த அன்று தங்கை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சனிக்கிழமை வாங்கம்மா," என்றார் ஆஸ்பத்திரி எழுத்தர்.

"மூணு சனிக்கிழமை வந்தாச்சு சார். இவரைப் பாத்துட்டு அதே வார்த்தையை இன்னொரு தடவ சொல்லுங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

கிருமி உறுதியானது. மாத்திரைகள் இலவசமாகவே கிடைத்தன.

"கிருமி போயிடும்," என்றார் டாக்டர்.

"ஈரல்?" என்றாள் தங்கை.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் தங்கை அழுதாள். "அழாத. உனக்கு ரத்தம் குடுக்கப் போனதாலதான் இதாவது தெரிஞ்சுது," என்றார் அண்ணன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆறு மாதம் கடைக்குப் போகாமல், ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டார். ரத்தத்தில் கிருமி இல்லை என்று தாள் வந்தது. மறுநாளே கடைக்குப் போனார். முதலில் வந்தவருக்கு ஒரு பக்கக் கிருதாவைச் சரி செய்ததும் கால்கள் தள்ளாடின. சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபக்கத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் முடித்துக் கொடுத்தார்.