எட்மண்டுக்குப் பின்னால் இருந்த கடல்

1.

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. புனேயில், ஹிஞ்சேவாடியிலிருந்து திரும்பும்போது, முன் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “இன்னிக்குப் பதினோரு பேரை எடுத்துட்டேன். நாளைக்கு நாலு பேர்தான்.” தமிழில் சொன்னாள். இந்த ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். எனக்குப் புரிந்தது, பயந்தேன். பேச்சு நீண்டபோது விஷயம் தெரிந்தது. சினிமாக் காட்சிகளில் வேண்டாதவர்களைக் கணினியில் அழிப்பது அவள் வேலை.

கசார்வாடியில் இறங்கிவிட்டேன். மிச்சம் முழுவதும் கற்பனை, அவளுக்கு வைத்த டானியா என்ற பெயர் உட்பட. நாளைய அந்த நாலு பேர் யாராக இருக்கும்?

2.

முதல் தொடக்கம்: டானியா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி—

(அவள் வேலை செய்யும் அறையில் ஜன்னல் இல்லை. விளக்கும் பாதிதான் எரியும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: தீவில் எப்போதும் பகல்தான்.

இது இருக்கட்டும்.

தீவில் எப்போதும் பகல்தான். டானியாவின் திரையில் ஒரு கடற்கரை. அந்தமானில் எடுத்த இந்தி நகைச்சுவைப் படம். ஒரு சொகுசு விடுதி, ஒரே குடில், அதைப் பதிவு செய்துவிட்ட இரண்டு தேனிலவு ஜோடிகள். இந்தக் காட்சி ஒன்பது வினாடி, இருநூற்றுப் பதினாறு ஃபிரேம். முன்னால் நாயகனும் நாயகியும் மணலை வாரி வீசிக்கொள்கிறார்கள். பின்னால் பூப்போட்ட சட்டையில் நாலு பேர் பேண்ட் வாசிக்கிறார்கள். அலை வருகிறது, போகிறது. ஒன்பது வினாடி முடிந்ததும் அதே அலை முதலிலிருந்து வருகிறது.

இயக்குநரின் குறிப்பு: பேண்ட் வேண்டாம். கரை காலியாக இருந்தால்தான் சிரிப்பு வரும்.

நாலு பேரில் டிரம்பெட் வைத்திருப்பவர் டானியாவின் அப்பா எட்மண்ட்.

3.

தற்செயல் அதிகம் என்கிறீர்களா? எனக்கும் உறுத்தியது. அதனால் படக்குழுவுக்குப் புனேக்காரர் ஒருவரை மேலாளராகப் போட்டேன். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு கல்யாணத்தில் எட்மண்டின் குழு வாசித்ததைக் கேட்டுத் தீவுக்கு அழைத்துப்போனவர் அவர். அழிக்கும் வேலையையும் அவரே தன் ஊருக்குக் கொடுத்தார். தற்செயல் பாதி குறைந்தது. மீதிப் பாதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் எட்மண்ட் இறந்திருந்தார். திரையில் அப்பாவை அழிக்க மாட்டாமல் மகள் அழுதாள். படித்துப் பார்த்தேன், நானும் அழுதேன். கிழித்துப் போட்டேன். உயிரோடு இருப்பவரை அழிப்பதுதான் கஷ்டம். சாயங்காலம் அவர் வீட்டில் இருப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பார்.

4.

தேஜஸ் அவளுக்கு மேலே இருப்பவன். இந்தியில் கேட்டான், வேலை அதிகமாக இருந்தால் இந்த ஷாட்டைப் பக்கத்து மேசை மனோஜுக்குக் கொடுத்துவிடவா என்று.

டானியா யோசித்தாள். மனோஜ் ஆளை எடுத்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்ததுபோல. அப்பா நின்ற இடம் அப்படி இருக்கக் கூடாது.

“வேண்டாம். நான் பண்றேன்.”

[இங்கேதான் அவளை எனக்குப் பிடித்தது. இங்கேதான் சந்தேகமும் வந்தது. மனோஜிடம் விட்டிருந்தால் அவள் கையில் எதுவும் இல்லை. தானே வைத்துக்கொண்டாள்.]

ஒரு சிக்கல். ஒருவரை அழித்தால் அங்கே அவருக்குப் பின்னால் இருந்ததை வரைய வேண்டும். வழக்கமாக ஆட்கள் இல்லாமல் ஒரு ஷாட் எடுத்துத் தருவார்கள். இதற்கு எடுக்கவில்லை. எட்மண்டின் இடுப்பருகே நீலமாக ஒரு முனை மட்டும் தெரிந்தது. அது என்ன?

தெரிந்த ஒரே ஆள் கட்கியில், வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

5.

“டாடி, அந்த பீச்ல நீங்க நின்னீங்கள்ல. பின்னால என்ன இருந்துச்சு?”

“ஏன் கண்ணு?”

“ஐசேஹி. சும்மா.”

அம்மா எல்சி கரண்டியைக் கீழே வைத்தாள். “சும்மாவா? கேக்க ஆளில்லன்னு மூணு மாசமா காஞ்சு கெடந்தாரு. நீயே மாட்டிக்கிட்டியே. சலோ, ஆரம்பிங்க.”

“நீ வாய மூடு. கண்ணு, ஒரு படகு. கவுத்துப் போட்டது. நீல பெயின்ட். அடில ஒரு தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதுக்குள்ளேருந்து ஏதோ கொடி வந்து, ஊதா ஊதாப் பூவா. காலைல பூக்கும். மூணு மணிக்கு சுருங்கிடும். எங்க ஷாட் பத்து மணிக்கு.”

“அப்ப பூ இருந்துச்சு.”

“பின்னே!”

“பூவெல்லாம் எண்ணுவாரு,” என்றாள் எல்சி. “டிரம்பெட்ல காத்து வராம ஊதினாராம். இருபத்திரெண்டு நாள். அதுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு.”

“அரே, அதுதான் எல்சி கஷ்டம். ஊதாம ஊதணும். கன்னம் உப்பணும், சத்தம் வரக்கூடாது. ஸ்டீபனைக் கேளு. ஒருநாள் மறந்துபோய் டிரம்ல ஒண்ணு போட்டுட்டான், ஷூட்டிங்கே நின்னுபோச்சு.”

முப்பத்தொரு வருஷம் அலுவலகத்தில் கோப்பு தூக்கியவர் எட்மண்ட். ஊர்க் கல்யாணங்களில் யாரும் திரும்பிப் பார்க்காமல் வாசித்தவர். அவர் சர்ச் நோட்டீஸின் பின்பக்கத்தில் படகை வரைந்தார். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கொடி எதுவரை ஓடியது, நிழல் எங்கே விழுந்தது. டானியா தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

“படம் இணையத்துல அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமை வருது. அன்னிக்கு நாம பாக்கக் கூடாது,” என்றார். “அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சர்ச் ஹால்ல. புரொஜக்டருக்கு ஸ்டீபன் பேசிட்டான். எம்பது பேர். பாஸ்டர் வர்றாரு. வடா பாவ் சொல்லியாச்சு. நீ என் பக்கத்துல உக்காரு கண்ணு.”

படம் வெளியாகும்வரை வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று டானியா கையெழுத்துப் போட்டிருந்தாள். அது அவளுக்கு அன்று சௌகரியமாக இருந்தது.

6.

திரையிலிருந்து ஸ்டீபன் முதலில் போனார். பிறகு கிட்டாரும் கீபோர்டும். அப்பாவைக் கடைசியாக வைத்திருந்தாள். மூன்று நாள் அந்தக் கரையில் அவர் மட்டும் நின்றார். கன்னம் உப்பியிருந்தது, சத்தம் இல்லை. அலை அவருடைய காலுக்கு வந்து, வந்து, வந்து போனது. வீட்டில் இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. எல்லோரும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பதுபோன்ற முகம்.

நாலாம் நாள் சட்டையிலிருந்து தொடங்கினாள். சட்டை போன இடத்தில் படகு வந்தது. மார்பு இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டையில் கொடி. ஏழு பூ வைத்தாள்.

தேஜஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். “பிரமாதம். இந்தப் படகு எங்கேயிருந்து கிடைச்சுது?”

“ஒருத்தர் வரைஞ்சு குடுத்தார்.”

7.

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) அப்பாவின் நிழலை மட்டும் மணலில் விட்டுவிடுகிறாள். யாரும் கவனிக்கவில்லை. ஹாலில் எட்மண்ட் எழுந்து நின்று, அது நான் என்று—

(தேஜஸ் கவனிப்பான். தவிர, டானியா வேலையில் சுத்தக்காரி. நிழலைத்தான் முதலில் எடுத்திருப்பாள்.)

ஆ) அழிப்பதற்கு முன் ஒரு படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

(அந்த அறைக்குள் போன் கிடையாது.)

இ) ஹாலில் ஒன்பது வினாடியும் கடந்துபோகின்றன. எண்பது பேரும் எட்மண்டைத் தேடுகிறார்கள். எட்மண்ட் தேடவில்லை. தன் உடம்பு மறைத்துக்கொண்டிருந்த படகை, கேமரா முழுதாகப் பார்த்தேயிராத படகைப் பார்க்கிறார். மகளின் காதில் சொல்கிறார்: “ஏழு இல்ல கண்ணு. அஞ்சு பூதான்.”

இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் மன்னித்ததாக எழுத எனக்கு என்ன உரிமை? அவளும் வாய் திறக்காமலே தப்பித்துவிடுகிறாள்.

8.

ஆகவே அந்த ஞாயிறு காலை, ஹாலுக்குப் போகும் முன்பு.

எட்மண்ட் கட்டிலில் துணி விரித்துப் பூப்போட்ட சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். படக்குழு அவரையே வைத்துக்கொள்ளச் சொன்ன சட்டை. டானியா கதவருகே நிற்கிறாள். வெள்ளிக்கிழமையோடு கையெழுத்தின் கெடு முடிந்துவிட்டது.

“டாடி. நீங்க படத்துல இல்ல.”

“என்னது?”

“பேண்டை எடுத்துட்டாங்க. பீச் காலியா இருக்கு.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நாலு பேரையுமா?”

“நாலு பேரையும்.”

“ஸ்டீபன் புதுசா ஷூ வாங்கியிருக்கான்,” என்றார். பிறகு, “எடுத்தவன் எவன்?”

சமையலறையிலிருந்து எல்சி, “நேரமாச்சு, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” என்கிறாள். கீழே ஸ்டீபனின் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது.

இதற்கு அடுத்த வரியைப் பதினாலு முறை எழுதி அடித்தேன். அவள் பொய் சொன்ன வரிகள் ஒன்பது. எல்லாம் நன்றாகவே வந்தன. இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

“டாடி, ………………………………”

நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்துவிட்டாள், அவர் அவள் முகத்தையே பார்க்கிறார், ஸ்டீபன் ஹாரன் அடிக்கிறார். சீக்கிரம்.