உயிரோடு கேட்ட அடக்கப் பிரசங்கம்

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் குரு கொலாசா சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயில் எழுதுறப்ப நம்ம கோவிலையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க" என்றார். கோவில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மறைமாவட்டத்திலிருந்து அவருக்கு வந்த யோசனை இது. 'நினைவுக் கொடை' என்று அழகாகப் பெயர்கூட வைத்திருந்தார்கள். கிழடுகள் எல்லாரும் யார் முதலில் போய்ச்சேருவார் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் அங்கே ஆர்கன் வாசிப்பவள். என் வயதும் கம்மியில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து பெர்னிஸ் ஷிமானெக் கேட்டாள்: "நாங்க எப்பப் போவோம்னு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறீங்களாக்கும்?"

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்களுடையது காகித ஆலை ஊர். அங்கே ஆற்றோரம் மதுக்கடை வைத்திருப்பவள் பெர்னிஸ். பிள்ளைகுட்டி கிடையாது. கடைக் கட்டடமும் ஆற்றை ஒட்டிய நிலமும் அவள் பெயரில். பூசைக்குத் தவறாமல் வருவாள். காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த வாரமே சாமி அவள் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், பிராந்தி கிடைக்குமே என்று.

"எழுதித் தர்றேன்" என்றாள் பெர்னிஸ். "ஆனா சரக்கைப் பாக்காம நான் எதையும் வாங்குறதில்ல. என் சாவுக்கு என்ன பேசுவீங்களோ அதை வெள்ளிக்கிழமை இங்க எல்லார் முன்னாடியும் பேசிக் காட்டுங்க."

"அம்மா, அப்படி வழக்கமில்லையே..."

"செத்தவளுக்குக் காது கேக்குறதும்தான் வழக்கமில்ல."

வாராவாரம் வெள்ளிக்கிழமை அவள் போடும் மீன் வறுவலுக்கு ஊரே கடையில் கூடியிருந்தது. சாமி பீர்க் குழாய் பக்கத்தில் நின்று காகிதத்தைப் பிரித்தார். "பெர்னிஸ் அவர்கள் பணிவும் பொறுமையும் நிறைந்த பெண்மணி..."

கசாப்புக்கடை லெனார்டுக்குப் பீர் மூக்கில் ஏறியது.

"வீடு மாறி வந்துட்டீங்க சாமி" என்றாள் பெர்னிஸ். "அது வேற யாரோட பொணமோ."

சாமி முகம் சிவந்தது. காகிதத்தை மடித்துப் பையில் செருகினார். "சரி. பெர்னிஸம்மா பிராந்தியில தண்ணி கலப்பாங்க."

"ஐஸ் கரைஞ்சா நான் என்னய்யா பண்றது!"

"மீனைக் குறை சொன்னாருன்னு நம்ம கோவில் டீக்கனைக் கரண்டியால அடிச்சாங்க. ஆலை மூடின குளிர்காலத்துல, வேலை போன வீடுகளுக்குப் பின்கதவு வழியா சாப்பாடு குடுத்தாங்க. யாராவது நன்றி சொன்னா, நாய் மாதிரி குரைச்சாங்க."

கடை அதிரச் சிரித்தோம். சாமி சிரிக்கவில்லை.

"அவங்க தம்பி எட்வின் குடிச்சிட்டு ஆத்துல விழுந்து செத்தப்ப, அவனாத்தான் குதிச்சான், தற்கொலைக்குப் பூசை இல்லன்னு சொல்லி, எனக்கு முன்னால இருந்த சாமியார் உடம்பைக் கோவிலுக்குள்ள விடல. சாவு மணிகூட அடிக்கல. அது தப்பு பெர்னிஸம்மா. எங்க தப்பு. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பெர்னிஸ் துணியால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இப்ப அந்த மணிய அடிக்க முடியுமா?"

சாமி கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினார். மணி ஒலிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. எதுவும் எரியவில்லை என்று தெரிந்ததும் வந்தவர்கள் கடைக்குள் வந்து மீன் கேட்டார்கள். பெர்னிஸ் வாசலில் நின்று அழுதாள். ஆறுதல் சொல்லப் போனவர்களை, "உள்ள போய்த் தின்னுங்கடா" என்று விரட்டினாள்.

திங்கட்கிழமை வக்கீலிடம் போய் எழுதிவிட்டாள். கட்டடமும் நிலமும் கோவிலுக்கு. கூரைக்கு ஒரு பங்கு. மீதி, வழியில்லாதவர்களின் அடக்கத்துக்கு. எப்படிச் செத்தவராக இருந்தாலும் கோவிலுக்குள் வைத்துத்தான் பூசை நடக்கவேண்டும். நிபந்தனை அதிகம் என்று மறைமாவட்ட அலுவலகம் முனகியது.

"அப்ப லூத்தரன் சபைக்காரங்களுக்கே எழுதிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டாள். முனகல் நின்றது.

அடுத்த வாரம் லெனார்டு சாமியை ஓரமாகக் கூட்டிப்போனான். "நானும் எழுதித் தர்றேன் சாமி. ஆனா எனக்குப் பிரசங்கம் வேணாம். நீங்க உண்மையெல்லாம் பேச ஆரம்பிச்சிட்டீங்க. என் பொண்டாட்டி இன்னும் உயிரோட இருக்கா."