தழும்பில்லா டாக்டர்

அந்த எலும்பு டாக்டருக்கு ஊரே சேர்ந்து வைத்த பட்டப்பெயர் 'தழும்பில்லா டாக்டர்'. ஊர் சேர்ந்து வைத்ததாக அவர்தான் சொல்லிக்கொள்வார். உண்மையில், ஒரு கூட்டத்தில் அவரே மைக்கைப் பிடித்து, "என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதிலும் பாதிப் பேர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே.

விஷயம் இதுதான். குழந்தைகள் விழுந்து முன்கையின் இரண்டு எலும்பும் உடைந்தால், சில நேரம் மாவுக்கட்டு மட்டும் போதாது. வளைந்து கொடுக்கிற மெல்லிய கம்பியை எலும்புக்குள் செலுத்தி நேராக நிறுத்த வேண்டும். கம்பி நுழைய மணிக்கட்டுப் பக்கம் ஒன்றும் முழங்கைப் பக்கம் ஒன்றுமாகக் குட்டித் துளைகள். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, உடைந்த முனைகளை வெளியிலிருந்து அழுத்திச் சேர்த்து, கம்பியை முறிவைத் தாண்ட வைக்க வேண்டும். எலும்பு முரண்டு பிடித்தால் என்ன செய்வது? இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, முறிந்த இடத்தில் சின்னதாகக் கீறி, கண்ணால் பார்த்துச் சேர்த்துவிட வேண்டியதுதான். மாணவர்களுக்கு அவரே அப்படித்தான் பாடம் நடத்துவார். ஆனால் தன் கையால் கீறுவதென்றால் அவருக்குக் கௌரவப் பிரச்சினை. அவர் அறைச் சுவர் முழுக்கத் தழும்பில்லாத கைகளின் புகைப்படங்கள். ஒரு குழந்தைக்கும் முகம் கிடையாது. முகத்தை யார் கேட்டார்கள்?

அப்படிப்பட்டவரின் சொந்த அக்கா மகள், காம்பவுண்டு கேட்டில் தொற்றி ஊஞ்சலாடி, கேட்டோடு போய்ச் சுவரில் மோதி விழுந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வலது முன்கை நடுவில் வளைந்துவிட்டது. எழுதுகிற, படம் வரைகிற, அடுத்த வீட்டுப் பையனைக் குத்துகிற கை. அக்கா அவளை நேரே தம்பியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள்.

"டேய், பழையபடி விரலெல்லாம் வேலை செய்யுமா? அதை மட்டும் சொல்லு."

"விரல் என்னக்கா, கை உடைஞ்சதுன்னே ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தழும்பு இருக்காது பாரு."

"தழும்பு கிடந்துட்டுப் போகுதுடா. கையைக் கண்ணாடிப் பெட்டியிலயா வைக்கப் போறோம்?"

"பொம்பளைப் பிள்ளை, அக்கா..."

"பொம்பளைப் பிள்ளைன்னா தோல் மட்டும்தான் இருக்குமா? உள்ள ஒண்ணும் இருக்காதா?"

அவர் காதில் ஏறினால்தானே! அடுத்த வாரம் பெரிய மருத்துவ மாநாடு. கடைசிப் படமாக இந்தக் கையைத் திரையில் போட்டு, "இது என் சொந்த அக்கா பொண்ணு" என்று சொல்லி நிறுத்தி, கைதட்டல் அடங்கும்வரை காத்திருப்பதாக மனதுக்குள் ஒத்திகையே முடித்துவிட்டார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். அதனால் அவருக்கு இவரிடம் பயமும் இல்லை, மரியாதையும் கொஞ்சம் கம்மி. "சொந்தக்காரப் பிள்ளை. வேற யார்கிட்டயாவது விடேன்" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே சொல்லிப் பார்த்தார். "வேற யாரு இருக்கா?" என்றார் நம் ஆள். சத்தியமாக அப்படித்தான் கேட்டார்.

சுண்டுவிரல் பக்கத்து எலும்புக்குள் கம்பி சமர்த்தாகப் போய்விட்டது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மசியவில்லை. முனைகளுக்கு நடுவில் சதை சிக்கியிருந்தது. சேர்க்கச் சேர்க்க நழுவியது. ஒவ்வொரு முறையும் கம்பியின் நுனி வழி தவறிப் பக்கத்துத் தசையைக் குத்திவிட்டுத் திரும்பியது.

"மூணு ஆச்சு" என்றார் டாக்டரம்மா.

"இதோ, இப்போ போயிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. சின்னதா கீறி அந்தச் சதையை எடுத்துவிடு. என்னப்பா, கத்தியைத் தொட்டா தீட்டா?"

முகமூடிக்குள் நர்ஸ்கள் சிரித்தது கண்களில் தெரிந்தது. அது போதாதா அவருக்கு? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி அழுத்தினார், முறுக்கினார், குத்தினார். பிள்ளையின் கை உப்பிப் பளபளக்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. டாக்டரம்மா எண்ணுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் எப்படியோ கம்பி தாண்டியது. "பார்த்தியா!" என்று ஒரு கூச்சல். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த மனிதர் முதலில் செய்த வேலை, செல்போனை எடுத்துக் கையைப் படம் பிடித்ததுதான்.

"போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு. கை வீங்கிட்டு வருது, கண்ணை எடுக்காம பார்த்துக்கோ" என்றார் டாக்டரம்மா.

அவர் பார்த்துக்கொண்டார், செல்போனில். அக்காவிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வாலு அலற ஆரம்பித்தாள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள், வலி ஏறியது. மறுபடி கொடுத்தார்கள், இன்னும் ஏறியது. தம்பி தன் அறையில் மாநாட்டுக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கம்பி போட்டா வலிக்கத்தான் செய்யும் அக்கா. நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே."

"கேட்டுல இருந்து விழுந்தப்போ இவ அழலடா. கை தொங்குது, 'அம்மா, கேட்டு உடைஞ்சிடுச்சா'ன்னு கேட்டா. அந்தப் பிள்ளை இப்போ சுவத்துல தலையை முட்டிக்குது. டாக்டரா வர வேண்டாம், மாமனாவாவது எழுந்து வா."

வந்தார். டாக்டரம்மா அதற்குள் கையில் சுற்றியிருந்த கட்டை வெட்டிப் பிரித்துவிட்டு நின்றார். நம்மவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "நாடி நல்லா ஓடுதே" என்றார், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

"நாடி கடைசியிலதான் நிக்கும். உனக்குத் தெரியாதா? விரலை நீட்டிப் பாரு."

மடங்கிக் கிடந்த நடுவிரலை அவர் மெதுவாக நிமிர்த்தினார். வாலு போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. முன்கையைத் தொட்டார். மரக்கட்டை. குத்திக் குதறிய தசை உள்ளே வீங்கி, விரிய இடமில்லாமல், தன் ரத்தத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் தசை செத்துவிடும். விரல்கள் கொக்கியாக மடங்கி, பிறகு ஆயுசுக்கும் நிமிராது. இதைத்தான் அவர் வருஷா வருஷம் மாணவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். அவர் முகம் பேயறைந்தது போல ஆனது.

"கீறணும் அக்கா. உடனே."

"எவ்வளவு?"

வாலுவின் கைமேல் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

"அதுக்கென்ன நின்னுக்கிட்டு யோசிக்கிறே? உன் போட்டோ கெட்டுப் போயிடும்னா?" என்றாள் அக்கா.

ஒரு விரற்கடை கீற மனம் வராத மனிதர், கை நீளத்துக்குக் கீறினார். தோலைத் திறந்ததும் தசை பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது, கருநீலமாக. டாக்டரம்மா திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெல்ல மெல்லத் தசையில் சிவப்பு திரும்பியது. காயத்தை மூடாமல் ஈரத்துணி வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் தைக்க முடியும்.

மறுநாள் காலையில் அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, "விரலை ஆட்டும்மா" என்று அவர் கெஞ்சினார். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள். சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்றவை. கட்டைவிரல்தான் காக்க வைத்து அசைந்தது. அக்கா தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் அழுதாராம். அழட்டுமே!

அதோடு திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல கதை! மாநாட்டில் கடைசிப் படமாக, செல்போனில் எடுத்த அந்தப் படத்தையே போட்டார். கம்பி கீறாமல்தானே போனது. பிற்பாடு கீறியது வீக்கத்துக்காக, அது வேறு கணக்கு என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தும்விட்டார். கைதட்டல் பலமாக விழுந்தது. பின் வரிசையில் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் பெரிதாக்கப்பட்டு அறைச் சுவருக்கும் வந்தது.

எலும்பு நன்றாகக் கூடியதும், கம்பியை எடுப்பதற்காக அக்கா வாலுவை அழைத்துவந்தாள். அறையில் இன்னொரு குடும்பம் இருந்தது. தொட்டிலில் போட்ட மாதிரி கையைத் துணியில் தொங்கவிட்ட ஒரு குட்டிப் பெண்ணும், கசங்கிய சட்டையோடு அவள் அப்பாவும். டாக்டர் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கவலையே படாதீங்க. என் கையில தழும்புங்கிற பேச்சே கிடையாது."

வாலு முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினாள்.

"மாமா, அப்போ இதை யாரு கிழிச்சா?"

முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடித்த தழும்பு. இரு பக்கமும் தையல் புள்ளிகள். அந்த அப்பா கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"சொல்லுடா, பிள்ளை கேக்குறால்ல" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் அவர்.

"ஏன் சார்?" என்று கேட்டார் அந்த அப்பா.

எதைச் சொல்லி மழுப்பலாம் என்று அவர் தேடியது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அக்கா எதிரே நின்றாள்.

"சின்னதா கீற வேண்டிய நேரத்துல கீறலை. அதனால."

"என் பொண்ணுக்கு?"

"மூணு தடவை பார்ப்பேன். வரலைன்னா கீறிடுவேன். தழும்பு வரும்."

"வரட்டும் சார். விரல் வேலை செஞ்சா போதும்" என்றார் அந்த அப்பா.

வாலு அதற்குள் நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த தன் கையின் படத்தைப் பிய்த்து எடுத்துவிட்டாள். "இது பழசு மாமா. புதுசா எடுத்து ஒட்டுங்க" என்று கையை நீட்டி ஐந்து விரலையும் அகல விரித்தாள். அவர் செல்போனை எடுத்தார்.

"தழும்பு நல்லா விழுற மாதிரி எடுடா" என்றாள் அக்கா.